எறிந்த சுமையும் கரையிற் கணக்கும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் ஒரேயொரு சொல்லாகும். அதுவும் தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலச் சொல். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக் கழிப்பதா என்று பின்வாங்கில் இருப்போர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வது எமக்குத் தெரியாமல் இல்லை. தேநீர் ஆறுவதற்கு முன் முடித்துவிடுவோம் என்று வாக்களிக்கிறோம்.

சென்ற பொதுக்கூட்டத்திலே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் எமது சங்கத்தின் வரவு செலவு நிமிரவில்லை. கடதாசி விலை, மின்சாரக் கட்டணம், கூரைச் செலவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதும்படி இளைஞர் ஒருவரைக் கேட்டிருந்தோம். அவரும் சிரத்தையுடன் எழுதிவந்து வாசித்தார். அறிக்கை நல்ல அறிக்கை. அதிலே ஒரு வசனத்தில், வாசிகசாலையை நாம் ‘ஜெற்றிசன்’ பண்ணிவிட வேண்டும், அந்த அறையை வாடகைக்கு விடலாம் என்று கண்டிருந்தது. முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். ‘கைவிடுதல்’ என்றார் அறிக்கை வாசித்தவர். ‘கழித்துவிடுதல்’ என்றார் மற்றொருவர். அப்பொழுது, நெடுங்காலம் கப்பலிலே வேலை செய்து இளைப்பாறி ஊருக்கு வந்திருக்கும் ஐயா ஒருவர் எழுந்து, “தம்பி, அது எங்கட கப்பற்காரருடைய சொல். கடலிலை எறிஞ்சால் கரையிலை கணக்கிருக்கு” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஐயா சொன்ன ஒரு வசனத்துக்கு உரை எழுதுவதே இன்று எமது வேலை. அவர் எதையும் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதைப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் யாம் அறிந்தோம்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியிலே ‘யாக்கெரே’ என்றால் எறிதல். அதனை அடுத்தடுத்துச் செய்தல் ‘யாக்தாரே’. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறி, கடல் வாணிகர் வாயிலும் வழக்குரைஞர் எழுத்திலும் புகுந்து, 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் ‘ஜெற்றிசன்’ ஆயிற்று. அக்காலத்தில் அது பெயர்ச்சொல்லாகவே நின்றது: புயலிலே தத்தளிக்கும் கப்பலின் பாரத்தைக் குறைப்பதற்காகச் சரக்கைக் கடலில் எறியும் செயலின் பெயர். அது வினைச்சொல்லாக வழங்கத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஏறக்குறைய நானூறு ஆண்டு பெயராக நின்று பிறகு வினையான சொல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயராக நின்ற காலத்திலே அதனோடு ஒட்டியிருந்த சட்டங்கள் பல. வினையாகி ஊர் சுற்றத் தொடங்கியபின் அவையெல்லாம் உதிர்ந்துபோயின.

இச்சொல்லின் இனத்தார் நம் வாயிலும் நாள்தோறும் வழங்குகின்றனர். விண்ணப்பம் ‘றிஜெக்ற்’ ஆயிற்று என்கிறோம். திருப்பி எறியப்பட்டது என்பதே அதன் வேர்ப்பொருள். ‘இன்ஜெக்‌ஷன்’ உள்ளே எறிவது. ‘புறொஜெக்ற்’ முன்னே எறிவது. ஜெற் விமானமும் அவ்வினமே. நயினாதீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவான் ஜெற்றியிலே வள்ளம் ஏறுகிறார்களே, அந்த ‘ஜெற்றி’ என்னும் சொல்லுக்கும் தாய் அதே வேர்தான். கரையிலிருந்து கடலுக்குள் எறிந்தாற்போல் நீண்டு நிற்பது என்பது பொருள்.

சுமை நீக்குதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்களும் உள. ‘எக்ஸொனரேற்’ என்பது ஒன்று. இலத்தீனில் ‘ஓனஸ்’ என்றால் பாரம். பாரத்தை இறக்கிவிடுதல் என்பதே அதன் முதற்பொருள். இன்று அது, ஒருவர்மேல் சுமத்திய குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தலைக் குறிக்கிறது. தமிழிலும் குற்றத்தைச் ‘சுமத்துகிறோம்’ அன்றோ! இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டிருப்பது வியப்பே. ஆனால் அது இறக்குதல். நமது சொல் எறிதல். இறக்குகிறவனுக்கு நேரம் உண்டு. எறிகிறவனுக்கு நேரம் இல்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சின்ன ஆசியாவின் கரைக்கு அண்மையிலே உரோடு என்னும் தீவு ஒன்று இருக்கிறது. பண்டைக் காலத்தில் கப்பல் வாணிகத்தால் ஓங்கிய தீவு. அத்தீவாரின் கடல் வழக்கு என்று பெயர் பெற்ற ஒரு விதியை உரோமர் தம் சட்டத்தில் ஏற்றுக்கொண்டனர். யுஸ்தினியன் என்னும் பேரரசன் ஆணைப்படி தொகுக்கப்பட்டு 533ஆம் ஆண்டு வெளியான ‘டைஜெஸ்ற்’ என்னும் சட்டத் தொகுப்பின் 14ஆம் புத்தகத்தில் இரண்டாம் தலைப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது. தலைப்பின் பெயரே ‘எறிதலைப் பற்றிய உரோடுத் தீவுச் சட்டம்’ என்பதாகும். விதியின் சாரம் இதுதான்: கப்பலின் பாரத்தைக் குறைக்க ஒருவனுடைய சரக்கு எறியப்பட்டதாயின், எல்லாருக்காகவும் கொடுக்கப்பட்ட அந்த நட்டத்தை எல்லாரும் பங்கிட்டு ஈடுசெய்தல் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு கப்பலின் விலை 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதிலே ஒருவர் 20,000 ரூபாவுக்கு அரிசி ஏற்றியிருக்கிறார். மற்றொருவர் 15,000 ரூபாவுக்குப் புடைவை. மூன்றாமவர் 5,000 ரூபா பெறுமதியான முத்துக்களை மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். எல்லாம் சேர 1,00,000. புயல் அடிக்கிறது. பாரமானது அரிசி, ஆதலால் 10,000 ரூபா அரிசி கடலுக்குப் போகிறது. கப்பல் கரை சேர்கிறது. நட்டம் மொத்தத்திலே பத்தில் ஒரு பங்கு. எனவே கப்பற் சொந்தக்காரர் 6,000 கொடுக்க வேண்டும், புடைவைக்காரர் 1,500, முத்துக்காரர் 500. அரிசிக்காரருக்கு 8,000 கிடைக்கும். மிகுதி 2,000 அவருடைய பங்கு. அவரும் காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர்தானே!

இங்கே முத்துக்காரர் எழுந்து, ‘எனது முத்துக்களால் கப்பலுக்குப் பாரமே இல்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று கேட்பார். உரோமச் சட்ட அறிஞர் இக்கேள்வியை மறக்கவில்லை. பாரம் எவ்வளவு என்பது கேள்வியன்று. சரக்கை எறிந்ததனால் எவனெவனுக்கு நன்மை விளைந்ததோ அவனவன் கொடுக்க வேண்டும் என்று தீர்த்துவிட்டார்கள். கைவிரலில் கிடக்கும் மோதிரமும் கணக்கிற் சேரும். ஆனால் வழியிலே உண்பதற்குக் கொண்டுவந்த உணவு மாத்திரம் சேராது. காரணம் அழகானது: கடலிலே உணவு குறைந்தால் ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதை எல்லாருக்கும் பொதுவில் வைத்துவிடுவார்களாம். பொதுவானதற்குப் பங்கு கேட்பது எப்படி? இன்னுமொன்று: சுதந்திரமான மனிதரின் உடலுக்கு விலைமதிப்புப் போட முடியாது, ஆதலால் உயிர் தப்பியதற்கென்று பங்கு கேட்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். ‘சுதந்திரமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிமைகளைச் சொத்தாகக் கொண்ட சமுதாயம் அது. அதற்குப் பின்னர் வருவோம்.

சரக்குக்காரனைக் கேளாமல் கப்பித்தான் எறியலாமா? பிரான்சு தேசத்தின் மேற்குக் கரைக்கு அருகே ஒலெரோன் என்னும் தீவின் பெயரால் வழங்கிய நடுக்காலக் கடற்சட்டம் இதற்கு விடை சொல்கிறது. எறிவதற்கு முன் கப்பலில் உள்ள வாணிகரை அழைத்து நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர்கள் இசையாவிட்டாலும், வேறு வழி இல்லையென்று கண்டால் அவன் எறியலாம். ஆனால் கரை சேர்ந்தவுடன், உயிரையும் கப்பலையும் மற்றச் சரக்கையும் காப்பதற்காகவே எறிந்தோம் என்று அவனும் அவனுடைய மாலுமிகளில் ஒரு பகுதியினரும் சத்தியம் செய்தல் வேண்டும். பயத்திலே செய்த காரியத்துக்கும் பொறுப்பு உண்டு என்பது அக்காலத்தார் கொள்கை.

எமக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. கடலில் எறிந்த சரக்கு அலையோடு அலையாய்க் கரைக்கு வருகிறது. அதை ஒருவன் எடுக்கிறான். அது யாருடையது? எறிந்துவிட்டாரே, கைவிட்ட பொருள்தானே என்று நாம் சொல்லக்கூடும். இல்லை என்கிறது சட்டம். எறிந்தவன் அதைத் தன்னுடையதல்ல என்று எண்ணி எறியவில்லை. கண்டால் எடுத்துக்கொள்வான், விழுந்த இடம் தெரிந்தால் தேடிப் போவான். யூலியான் என்னும் சட்ட அறிஞர் ஓர் உவமை சொல்கிறார். பாரம் தாங்கமாட்டாமல் வழியிலே சுமையைப் போட்டுவிட்டு, துணைக்கு ஆட்களை அழைத்துக்கொண்டு உடனே திரும்பி வந்து தூக்குவோம் என்ற எண்ணத்தோடு போகிறவனைப் போன்றவன் அவன், என்கிறார்.

இவ்வுவமையை வாசித்தபோது எமக்கு நம்மூர்த் தெருவோரத்துச் சுமைதாங்கிகள் நினைவுக்கு வந்தன. மடமும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் இருந்த இடத்திலே அதுவும் இருந்தது. வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் கட்டுவது வழக்கம் என்று எம்முடைய பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள் பிறர் உதவியின்றி இறக்கவும், பிறர் உதவியின்றித் திரும்பத் தலையில் ஏற்றவும் ஏற்ற உயரம். அந்தக் கல்லின் கருத்து முழுவதும் அந்த இரண்டாவது வேலையிலேதான் இருக்கிறது. இறக்குவதற்கு மாத்திரம் என்றால் நிலமே போதுமே!

ஆங்கிலேயர் இவற்றைக் கூறுபடுத்தித் தனித்தனிப் பெயரிட்டார்கள். உடைந்த கப்பலிலிருந்து தானாக மிதந்து வந்தது ‘புளொற்சம்’. வேண்டுமென்று எறியப்பட்டது ‘ஜெற்சம்’. இது நம் சொல்லின் சுருக்கமே. எறியும்போதே பின்னர் தேடி எடுப்பதற்காக மிதவை கட்டி அடையாளமிட்டது ‘லகன்’. கட்டிவைத்து எறிதல் என்பதற்கு ஒரு தனிச்சொல் வைத்திருந்தார்கள் என்றால், அவர்கள் எறிந்ததை எவ்வளவு விருப்பமின்றி எறிந்தார்கள் என்று உணரலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. நீங்கள் புள்ளிகளைக் கூட்டி வகுத்து ‘அவரேச்’ எடுக்கிறீர்களே, அச்சொல்லும் கப்பலிலிருந்து வந்ததுதான். அறபு மொழியிலே பழுது, சேதம் என்று பொருள்படும் ஒரு சொல், மத்தியதரைக் கடல் வாணிகரோடு இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் போய், பழுதுபட்ட சரக்கின் நட்டம் என்றாகி, பின் அந்த நட்டத்தை எல்லார்க்கும் நிரவிப் பங்கிடுதல் என்றாகி, ஈற்றில் எதையும் நிரவி எடுத்தல் என்றாயிற்று. கடலிலே எறிந்த அரிசி மூட்டைக்கும் உங்கள் கணிதப் பாடத்துக்கும் உள்ள உறவு இதுவாகும். கடற்சட்டத்தில் இன்றும் இந்தப் பங்கீட்டுக்கு ‘ஜெனரல் அவரேச்’ என்றே பெயர்; பொதுநட்டம் என்று நாம் சொல்லலாம்.

இது பழங்கதையன்று. யோர்க்–அன்ற்வேப் விதிகள் என்று பெயர் பெற்ற விதித்தொகுதி 19ஆம் நூற்றாண்டிலே தோன்றிப் பலமுறை திருத்தப்பட்டு, 2016இலும் புதுக்கப்பட்டது. 2021 மார்ச் 23ஆம் திகதி எவர் கிவன் என்னும் கப்பல் சுயஸ் கால்வாயிலே குறுக்கே சிக்கி ஆறு நாட் கிடந்ததை எல்லோரும் படத்தில் பார்த்தோம். அதிலே ஏறக்குறைய 18,000 கொள்கலன்கள் இருந்தன. ஒன்றும் கடலில் எறியப்படவில்லை. எனினும் கப்பலை மீட்ட செலவு எல்லாருக்கும் பொதுவான செலவு என்று கப்பற் சொந்தக்காரர் பொதுநட்டம் பிரகடனம் செய்தனர். தன் பெட்டிக்கு ஒரு கீறலும் படாத வாணிகனும் தன் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பின்னரே சரக்கைப் பெற வேண்டியதாயிற்று. நமது நாட்டைப் பொறுத்தவரை, உரோம–ஒல்லாந்தச் சட்டமே பொதுச்சட்டமாக இருந்தபோதும், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கப்பல் விவகாரங்களுக்கு இங்கிலாந்தின் சட்டத்தையே கொண்டுவந்தது. எந்த வழியால் வந்தாலும் உரோடுத் தீவாரின் விதி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சிறிது இளைப்பாறிக்கொள்வதற்கு வேடிக்கையான கதை ஒன்று. 1785 ஜனவரி 7ஆம் திகதி, பிளன்சாட், ஜெவ்றீஸ் என்னும் இருவர் டோவரிலிருந்து ஆகாயக்கூண்டிலே ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தனர். ஆகாய வழியாக அதைக் கடந்த முதல் மனிதர் அவர்களே. நடுவழியிலே கூண்டு தாழத் தொடங்கிற்று. மணல் மூட்டைகளை எறிந்தார்கள், போதவில்லை. கருவிகளை, அலங்காரங்களை எறிந்தார்கள், போதவில்லை. கடைசியாகத் தங்கள் உடுப்புகளைக் கழற்றி எறிந்தார்கள். பிரான்சு நாட்டுக் காட்டிலே அவர்கள் இறங்கியது தைமாதக் குளிரிலே, வெகு சொற்ப உடையோடு. இங்கே கவனிக்கத்தக்கது, அவர்கள் எறிந்தது தங்களுடையதை என்பதே.

பிறருடையதை எறிதல் வேறு. பிறரையே எறிதல் அதனினும் வேறு. முன்னர் வருவோம் என்று சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும், இதைச் சொல்லாமல் இச்சொல்லின் வரலாறு முடியாது.

1781ஆம் ஆண்டிலே சொங் என்னும் ஆங்கிலக் கப்பல் ஒன்று, 440 பேருக்கு மேற்பட்ட ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு யமேக்காத் தீவை நோக்கிப் போயிற்று. கொள்ளத்தக்க அளவுக்கு மிஞ்சிய கூட்டம். வழியிலே நோயால் பலர் இறந்தனர். மாலுமிகள் திசை தவறி யமேக்காவைக் கடந்துபோய்விட்டனர். தண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, நவம்பர் மாத இறுதியிலிருந்து சில நாட்களுக்குள் 130 பேருக்கு மேற்பட்டவர்களை உயிரோடு கடலிலே எறிந்தனர். ஏன் தெரியுமா? அடிமைக்குத் தலைக்கு 30 பவுண் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. நோயிலே இறந்தவனுக்குக் காப்புறுதிப் பணம் இல்லை. ஆனால் கப்பலைக் காப்பதற்காக எறியப்பட்ட சரக்குக்குப் பணம் உண்டு! எறிதல் என்னும் பழைய சட்டத்தை அப்படியே எடுத்து மனிதர்மேல் வைத்தார்கள்.

லிவர்ப்பூல் சொந்தக்காரர் பணம் கேட்டார்கள், காப்புறுதிக்காரர் மறுத்தார்கள், 1783இல் வழக்கு இலண்டனிலே நடந்தது. வழக்குக் கொலை வழக்கன்று, காப்புறுதி வழக்கு. யூரிமார் சொந்தக்காரருக்குச் சார்பாகத் தீர்த்தனர். மறுவிசாரணை கேட்டபோது பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு, யூரிமாரின் கண்ணில் இது குதிரைகளைக் கடலில் எறிந்த வழக்குப் போன்றதே என்று சொன்னார். எறிதல் நடந்துகொண்டிருந்த நாட்களிலே மழை பெய்தது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அதாவது தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற காரணமும் நிற்கவில்லை. மறுவிசாரணைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கொலைக்காக ஒருவராவது கூண்டில் ஏறவில்லை. அடிமையாயிருந்து தன்னைத் தானே மீட்டுக்கொண்ட ஒலௌடா எக்குயானோ என்னும் ஆபிரிக்கர் இச்செய்தியைக் கிரன்வில் ஷார்ப் என்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஷார்ப் கொலை வழக்கு வைக்க முயன்றும் இயலவில்லை. எனினும் அடிமை வாணிகத்துக்கு எதிராக இங்கிலாந்திலே எழுந்த கிளர்ச்சிக்கு இது தீ மூட்டிற்று. 1807இல் அந்த வாணிகம் பிரித்தானியச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

‘சுமை’ என்ற ஒரு பெயரை எதற்கு இடுகிறோம் என்பதில்தான் முழுத் தீமையும் தொடங்கிற்று. பெயரை இட்டபின் எறிவதற்குச் சட்டம் கையில் இருந்தது.

இக்காலத்துக்கும் ஒன்று சொல்வோம். தரையிறங்க வேண்டிய அவசரத்தில் விமானங்கள் எரிபொருளை ஆகாயத்திலே கொட்டிப் பாரம் குறைப்பதுண்டு. உயரத்திலே கொட்டினால் அது ஆவியாகிவிடும். 2020 ஜனவரி 14ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே புறப்பட்ட உடனே பழுதுபட்டுத் திரும்பிய பெரிய விமானமொன்று தாழப் பறந்தபடியே எரிபொருளைக் கொட்டியது. அது கீழே பள்ளிக்கூட முற்றங்களில் நின்ற பிள்ளைகள்மேல் விழுந்தது. தோலும் கண்ணும் எரிந்து பலர் சிகிச்சை பெற்றனர். விமானம் சுகமாக இறங்கிற்று. மேலே இருந்தவர்களுக்குக் கீழே யார் நின்றார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை.

இதற்கு மாறாக 1970இல் அப்பலோ 13 விண்கலத்திலே சென்ற லவெல், ஹெயிஸ், சுவைகெட் என்னும் மூவரையும் சொல்ல வேண்டும். தாய்க்கலம் பழுதானபோது, சந்திரனில் இறங்குவதற்கென்று கொண்டுபோன சிறுகலத்தையே உயிர்காக்கும் தோணியாகக் கொண்டு நாட்கணக்கில் அதனுள் இருந்தனர். பூமிக்குள் நுழையுமுன் அதையும் கழற்றி எறியத்தான் வேண்டியிருந்தது. தரையிலிருந்த நிலையத்தார் அந்தத் தோணியின் பெயரைச் சொல்லி நன்றி கூறி அதற்கு விடைகொடுத்தனர். உயிரில்லாத பொருள்தான்; இருந்தாலும் கூறினார்கள்.

இனி எமது வாசிகசாலைக்கு வருவோம். பெரியோர்கள் சிலர், யாம் அந்த இளைஞரைக் கண்டிக்கப் போகிறோம் என்று எதிர்பார்க்கிறார்கள் போலும். அப்படியன்று. அவர் கணக்கு எழுதினார். நாம் ஒருவரும் எழுதவில்லை. மயிற்பீலியேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதல் என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் சொல்லிவைத்தார். எமது வண்டியிலே பீலி மிஞ்சிவிட்டது உண்மை. எறிய வேண்டி வரலாம். ஆனால் அவர் எடுத்தாண்ட சொல் கப்பற்காரருடைய சொல்லாதலால், அச்சொல்லின் சட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

முதற் கேள்வி, புயல் உண்மையிலே அடிக்கிறதா என்பது. சங்கத்தின் வங்கிப் புத்தகத்தைச் சபையில் வைத்து, ஒலெரோன் தீவாரைப் போல நிருவாக சபையார் சொல்லட்டும். யாமும் அச்சபையில் ஒருவர். முதலில் எம்மையே கேளுங்கள். இவ்வளவு நாளும் அப்புத்தகத்தை நாம் விரித்துக் காட்டவில்லை என்பது எமது தவறு.

இரண்டாவது, யாருடைய சரக்கு எறியப்படுகிறது? காலை ஏழு மணிக்கு அந்த அறையைத் திறந்தால் பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள், வீட்டிலே பத்திரிகை வாங்க இயலாத முதியவர்கள். 2022க்குப் பிறகு அவர்கள் தொகை கூடிற்றேயன்றிக் குறையவில்லை. மாலையிலே வருகிறவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். வீட்டிலே படிக்க ஓர் அமைதியான மூலை இல்லாதவர்கள். இவ்விரு கூட்டத்தாரும் பொதுக்கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும் பேசுவதில்லை. சென்ற கூட்டத்திலே கை உயர்த்தியவர்களில் அந்த அறையை நாள்தோறும் பாவிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று யாம் எண்ணிப் பார்த்தோம். இருவர்.

மூன்றாவதுதான் அந்த ஐயா சொன்ன கரைக்கணக்கு. வாசிகசாலையை எறிந்தால் தப்புகிறவை எவை? விளையாட்டுக் குழுவின் செலவு தப்புகிறது. ஆண்டு விழா தப்புகிறது. இந்த வருடாந்த மலர் தப்புகிறது. எம்மைப் போன்றவர்கள் பேசுவதற்கு ஒலிபெருக்கியும் தப்புகிறது. பாரமில்லாத முத்துக்காரர் நாமே! ஒவ்வொன்றும் தன் பெறுமதிக்கு ஏற்ப என்ன கொடுக்கப் போகிறது என்று அறிக்கையிலே ஒரு பக்கம் சேர்த்தால், அறிக்கை முழுமையாகும். மலரிலே எட்டுப் பக்கம் குறையட்டும். விழாவிலே ஒரு வேளை உணவு குறையட்டும். பந்து ஒன்று குறைந்தால் விளையாட்டு நின்றுவிடாது என்று விளையாட்டுக் குழுத் தலைவரே எம்மிடம் சொன்னார். பெயர் சொல்லவேண்டாம் என்றார், சொல்லவில்லை.

இன்னொன்றையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். வழக்கத்துக்கு மாறாக மேற்றட்டிலே ஏற்றிய சரக்கை எறிந்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அந்தக் கடல் விதிகளில் ஒன்று. எமது வாசிகசாலையிலும் மேற்றட்டுச் சரக்கு உண்டு. கறையான் அரித்த இரண்டு அலுமாரிகள், பாடாத வானொலிப் பெட்டி ஒன்று, எவரும் திறவாத பழைய வரவுசெலவுக் கட்டுகள். அவற்றை எறிவதற்கு வாக்கெடுப்பே வேண்டாம். ஒரு லொறியும் நான்கு இளைஞரும் போதும். யாமும் ஒரு கை பிடிக்கிறோம்.

அறையை வாடகைக்கு விடத்தான் வேண்டுமென்று சபை முடிவு செய்தால், எத்தனை ஆண்டுக்கு என்று எழுதுங்கள். பத்திரிகைகளும் மேசைகளும் எங்கே போகின்றன, யார் பொறுப்பில் இருக்கின்றன என்று எழுதுங்கள். மிதவை கட்டி எறிகிறவர்கள் செய்தது அதுதான்.

அறிக்கை எழுதிய தம்பியும் கப்பல் ஐயாவும் இப்பொழுது ஒரே வாங்கிலே இருக்கிறார்கள். யாம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவ்விருவரும் ஒரு கொப்பியிலே ஏதோ எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டோம். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலே வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தேநீர் ஆறிவிட்டது. மன்னிக்க வேண்டும்.